பயப்படாத குரங்குகள்

வன அலுவலகத்தின் பின்முற்றத்தில், பறிமுதல் செய்த ஜீப் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ரேடியோ அதை ஒரு சுற்று சுற்றி வந்தான். மட்கார்டில் சேறு, இருக்கையில் கிழிசல், ஸ்டியரிங்கில் மட்டும் ஊதாவும் மஞ்சளுமாகப் பளபளவென்று ஒரு கம்பளி உறை.

"இதைப் பாத்த பிறகும் ஒரு சிறுத்தை இந்த வண்டிப் பக்கம் வருதுன்னா, அதுக்குக் கண்ணு தெரியலைன்னு அர்த்தம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்த தங்கையின் மடியில் அதே ஊதா, அதே மஞ்சள். அழுது வீங்கிய கண்ணோடு எதையோ பின்னிக்கொண்டிருந்தாள். கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருக்கிறதாம்.

"நான்தான் பின்னினேன்," என்றாள். "இந்த வருஷ மழை விட்ட பிறகுதான் கத்துக்கிட்டேன். முதல்ல பின்னினது அதுதான். ஒரு இடத்துல கணக்குத் தப்பி மஞ்சள் கோடு ரெண்டா வந்துடுச்சு. அவர் அதையும் அழகுன்னு சொன்னார். மாட்டின வாரமே இப்படி ஆயிடுச்சுண்ணா."

ரேடியோ என்பது அவனுக்கு ஊர் வைத்த பெயர். வாயை மூட அவனுக்கு ஸ்விட்ச் கிடையாது. துப்பறியும் மேடத்திடம் உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் அழுததைப் பார்த்து, எத்தனையோ முறை ஜோக் அடித்திருக்கிறான். இந்த முறை உள்ளே கம்பிக்குப் பின்னால் இருப்பது தங்கை புருஷன்.

விஷயம் இதுதான். காட்டு விடுதியில் துணி துவைக்கிற அம்மாவை, ஜீப் நிறுத்தும் கொட்டகைக்குப் பக்கத்திலேயே சிறுத்தை ஒன்று பாய்ந்து கடித்துவிட்டது. உயிர் தப்பினாள், வலது கை போயிற்று. சிறுத்தை கொட்டகைக்கு ஏன் வந்தது என்று தேடினால், ஓடைக்கரையில் கவட்டை மரம் ஒன்றில் கயிறும், கீழே ஆட்டு எலும்புகளும் கிடைத்தன. யாரோ தினமும் ஆட்டைக் கட்டி அதற்கு விருந்து வைத்திருக்கிறார்கள். ஜீப் சத்தம் கேட்டால் சாப்பாடு என்று அதற்குப் பழக்கமாகிவிட்டது. கயிறு இந்த ஜீப்பினுடையது. ஆகவே குற்றவாளி அதன் ஓட்டுநர், அதாவது மாப்பிள்ளை. வன அதிகாரிக்கு அவ்வளவு போதும். மத்தியானம் கோர்ட்டுக்கு அனுப்பப்போகிறார். அனுப்பினால் உரிமமும் போகும், பிழைப்பும் போகும், சிறையும் நிச்சயம்.

மாப்பிள்ளை சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடுதிக்கு வந்திருந்த மாஸ்டர் சாவியைக் கேட்டார், கொடு என்று முதலாளி சொன்னார், கொடுத்தேன். காலையில் தனியாகப் போவார், வெயில் ஏறியதும் வருவார், எங்கே போனார் என்று கேட்க நான் யார் என்பது அவர் கதை. மாஸ்டர் என்பவர் வனவிலங்குகளைப் படமெடுப்பதில் பேர் போனவர். சஃபாரி போகிறவர்கள் அவர் பின்னால் சீடர்களைப்போல் அலைவார்கள். அவர் அதிகாரியிடம் எழுதிக்கொடுத்துவிட்டார்: விடுதிக்கு ஓய்வெடுக்க வந்தேன், காட்டுக்குள் காலே வைக்கவில்லை, அந்த ஜீப்பில் ஏறியதுகூட இல்லை. முதலாளியும் ஆமாம் சாமி போட்டுவிட்டார்.

மேடம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். குள்ளமான உருவம், தோளில் பெரிய கைப்பை, திரிந்த பாலை முகர்ந்தவர்போல் எப்போதும் ஒரு முகம். அந்த முகத்தை அவர் யாருக்காகவும் மாற்றியதில்லை.

"அந்த மாஸ்டர் இப்ப எங்க?" என்று கேட்டார்.

நகரத்து மண்டபத்தில் கண்காட்சி நடக்கிறது, அவருடைய சிறுத்தைப் படத்துக்கு முதல் பரிசு, இன்று காலை அதைப்பற்றி அவரே பேசுகிறார், வன அதிகாரிதான் சிறப்பு விருந்தினர் என்று ரேடியோ சொன்னான். மேடம் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். தங்கை, பின்னலைப் பையில் திணித்துக்கொண்டு தானும் எழுந்தாள். வராதே என்று சொல்ல இருவருக்குமே மனம் வரவில்லை.

மனிதனுக்குத் திமிர் இருக்கலாம். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, மேலே விளக்கு எரியவிட்டு, பார்க்க வருகிறவர்களை வரிசையில் நிற்க வைக்கிற அளவுக்கு இருக்கக் கூடாது. மண்டபத்தின் வாசலிலேயே மாஸ்டரின் படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. மாஸ்டர் எடுத்த படம் இல்லை, மாஸ்டரையே எடுத்த படம். பச்சைத் தொப்பி, ஏகப்பட்ட பாக்கெட் வைத்த கோட்டு, தொலைவில் எதையோ பார்க்கிற பார்வை. காட்டில் ஒளிந்துகொள்ளப் போட வேண்டிய உடுப்பை, ஊருக்குள் எல்லோரும் பார்க்கப் போட்டுக்கொள்கிறவர்களை ரேடியோவுக்கு என்றைக்குமே பிடிக்காது.

உள்ளே அதே கோட்டுகள் இன்னும் நிறைய இருந்தன. சீடர்கள். கழுத்தில் கேமரா தொங்காத ஆளே இல்லை. மண்டபத்துக்குள் எந்த விலங்கு ஓடிவரும் என்று எதிர்பார்த்தார்களோ தெரியவில்லை. ஒருவர் லென்ஸை இன்னொருவர் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி வீட்டு நகையைப் பார்க்கிற பார்வை அது.

பரிசுப் படம் நடுச்சுவரில் இருந்தது. தலைப்பு, 'பசி'. ஓடையைத் தாண்டிச் சிறுத்தை பாய்கிறது. நான்கு காலும் ஆகாயத்தில், வாய் திறந்து, நகம் நீண்டு, ஒவ்வொரு மீசை மயிரும் தனித்தனியாகத் தெரிகிறது. பின்னணியில் ஒரு கவட்டை மரம். கிளையில் வரிசையாகக் குரங்குகள். உண்மையைச் சொன்னால் படம் அபாரம். அதுதான் ரேடியோவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கீழே ஒட்டியிருந்த அட்டையில் மாஸ்டரின் வாக்குமூலம். சென்ற ஆண்டு, வேறொரு காட்டில், பட்டினி கிடந்து, மூச்சை அடக்கி, இயற்கையின் முன் மண்டியிட்டுப் பெற்ற கணம் என்று அளந்து விட்டிருந்தார். துணி துவைக்கிற அம்மாவின் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு இதே படத்தைச் சட்டம் போட்டு, கையெழுத்தும் போட்டு அனுப்பி வைத்திருந்த புண்ணியவான் இவர்தான். ஆறுதலாக இருக்குமாம்.

மேடம் படத்தின் முன் நின்றார். மூக்கு கிட்டத்தட்டக் கண்ணாடியில் இடிக்கிற அளவுக்கு நின்றார்.

"ரேடியோ, வாலைப் பாரு."

பார்த்தான். வாலின் நுனி சட்டத்துக்கு வெளியே போய்விட்டிருந்தது.

"ஒரு மீசையைக்கூட விடாம பிடிச்சவன், வால் நுனியை வெட்டுவானா? கீழ்ப்பக்கம் அவனுக்கு வேண்டாதது ஏதோ இருந்திருக்கு. அதை வெட்டப்போயி வாலும் சேந்து போயிடுச்சு."

"என்ன இருந்திருக்கும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன ஜோசியக்காரியா?" என்றவர், கொஞ்சம் நிதானித்து, "குரங்குகளையும் பாரு," என்றார்.

குரங்குகள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று இன்னொன்றுக்குப் பேன் பார்த்தது. தாய் ஒன்று குட்டிக்குப் பால் கொடுத்தது. ஒன்று தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கியேவிட்டது. ரேடியோவுக்குச் சட்டென்று ஏதோ உறைத்தது. சிறுத்தையின் வாடை பட்டாலே காட்டைக் கிழிக்கிற மாதிரி கத்தி உச்சிக்கிளைக்கு ஓடுகிற ஜாதி. காலடியில் சிறுத்தை பாய்கிறது, இவை பேன் பார்க்கின்றன.

அதற்குள் மேடையில் கைதட்டல். மாஸ்டர் ஏறிவிட்டார். முன்வரிசையில் தலைமை நடுவர், பக்கத்தில் வன அதிகாரி. மாஸ்டரின் மடிக்கணினியிலிருந்து படங்கள் பெரிய திரையில் வந்தன. பேச்சும் வந்தது. காட்டில் நான் இல்லாமல் போய்விடுகிறேன் என்றார். விலங்குக்கு என் இருப்பே தெரியாது என்றார். தன்னைப்பற்றி இவ்வளவு பேசுகிற ஒரு மனிதர், தான் இல்லாமல் போவதைப்பற்றியே இவ்வளவு நேரம் பேசியதை ரேடியோ இதற்கு முன் கேட்டதில்லை.

பேச்சு முடிந்ததும், கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். மேடம் எழுந்தார்.

"படம் பொய்," என்றார்.

முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின.

மேடம் விளக்கினார். சிறுத்தை ஒரு படத்திலிருந்து வந்திருக்கிறது, குரங்கு இன்னொரு படத்திலிருந்து வந்திருக்கிறது, இரண்டையும் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டியிருக்கிறார், ஒட்டுகிறவருக்குக் குரங்கின் குணம்கூடத் தெரியவில்லை, இப்படிப்பட்ட படங்களைப் பல் டாக்டர் வீட்டுக் காலண்டரில்தான் பார்த்திருக்கிறேன் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. காய்கறிக் கடையில் சொத்தைக் கத்தரிக்காயைப் பொறுக்கி ஒதுக்குகிறவர்போல ஒவ்வொரு வார்த்தையாக ஒதுக்கினார்.

இந்தம்மாவுக்கு என்ன ஆயிற்று? ஒட்டு வேலை என்று நிரூபித்தால் பரிசு போகும், அவ்வளவுதான். ஜீப்பிலேயே ஏறவில்லை என்கிற பொய்க்கு அது இன்னும் வசதி. கம்ப்யூட்டரில் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மாஸ்டர் தப்பித்துப் போய்விடுவார், மாப்பிள்ளை கோர்ட்டுக்குப் போய்விடுவார். ரேடியோ மேடத்தின் முழங்கையைத் தொட்டு, வேண்டாம் என்று கிசுகிசுத்தான். மேடம் கையை உதறினார். பின்வரிசையில் தங்கை, பின்னலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அண்ணனையே பார்த்தாள். அந்தப் பார்வையைச் சந்திக்க அவனால் முடியவில்லை.

மாஸ்டர் முதலில் சிரித்தார். சீடர்களும் சிரித்தார்கள். தெரியாதவர்களிடம் நான் வாதாடுவதில்லை என்றார்.

"வாதாட வேண்டாம்," என்றார் மேடம். "சிறுத்தையை நேர்ல பாத்திருக்கீங்களா, அதை மட்டும் சொல்லுங்க."

அங்கேதான் மாஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது. முகம் சிவந்தது. திருடன் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். வக்கீல் வைத்துப் பேசியிருப்பார். ஆனால் சீடர்களின் முன்னால், படமெடுக்கத் தெரியாதவன், வெட்டி ஒட்டுகிறவன் என்றால்? அந்த இனத்துக்கு அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. தலைமை நடுவர் வேறு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சந்தேகம் வந்துவிட்ட பிறகு கேமராவில் பதிந்த அசலைக் காட்டிவிடுவதுதான் முறை என்று எண்ணெய் ஊற்றினார்.

"அசலா? இதோ," என்றார் மாஸ்டர். "ஓரம் வெட்டாத படம். கேமராவிலிருந்து வந்தபடியே. நல்லாக் கண்ணைத் திறந்து பாருங்க."

விடுவிடென்று மடிக்கணினியைத் தட்டினார். கோபம்தான், பயம் இல்லை. ஆடு படத்துக்குள் வரவில்லை என்று அவருக்குத் தெரியும். கயிறும் வரவில்லை. அதையெல்லாம் எடுக்கும்போதே பார்த்து எடுத்த கில்லாடி.

திரை முழுக்கப் படம் விரிந்தது. அதே சிறுத்தை, அதே ஓடை, அதே பேன் பார்க்கும் குரங்குகள், வால் இப்போது நுனிவரை. வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. சீடர்கள் கைதட்டினார்கள். தலைமை நடுவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மேடம் தோற்றுப்போய்விட்டார் என்று ரேடியோ கண்ணை மூடிக்கொண்டான்.

மூடிய கண்ணுக்குள்ளும் ஒரு நிறம் நின்றது. திடுக்கிட்டுத் திறந்தான்.

படத்தின் கீழ் விளிம்பில், கலங்கலாக, வளைவாக ஒரு பட்டை. இடமிருந்து வலம்வரை. எல்லோர் கண்ணும் சிறுத்தையின் மேல் இருந்தது. அவன் கண் மட்டும் அந்தப் பட்டையில் ஒட்டிக்கொண்டது. ஊதா. மஞ்சள். ஊதா. பிறகு பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மஞ்சள்.

"மேடம்," என்றான். திரையை விரலால் காட்டினான். "அது என் தங்கச்சி பின்னினது."

மேடத்தின் முகத்தில் முதல்முறையாகத் திரிந்த பால் வாடை நீங்கியது. "எழுந்து நின்னு சத்தமாச் சொல்லு. உனக்கு அது ஒண்ணுதானே தெரியும்."

சொன்னான். தங்கையை மேடைக்கு அருகே கூட்டிப்போனான். அவள் பையிலிருந்து நூலை எடுத்து வன அதிகாரியிடம் நீட்டினாள். இந்த வருஷ மழை விட்ட பிறகுதான் பின்னக் கற்றுக்கொண்டதையும், கணக்குத் தப்பியதையும், உறை மாட்டிய வாரமே துணி துவைக்கிற அம்மாவைச் சிறுத்தை கடித்ததையும் திக்கித் திக்கிச் சொன்னாள். அதிகாரி திரையைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். ஜீப் அவர் அலுவலக முற்றத்தில்தான் நிற்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறார். அவருக்கு அந்த உறையை யாரும் வர்ணிக்கத் தேவையில்லை.

"போன வருஷம், வேற காடுன்னு எழுதி ஒட்டியிருக்கீங்க," என்றார் அவர் மெதுவாக. "அந்த ஜீப்ல ஏறினதே இல்லைன்னு என்கிட்ட எழுதிக் குடுத்திருக்கீங்க. அந்தக் கவட்டை மரம் எனக்குத் தெரியும். கயிறு கிடைச்ச மரம்."

மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பித் திரையைப் பார்த்தார். அந்தப் பட்டையை அவர் இப்போதுதான் பார்க்கிறார் என்பது ரேடியோவுக்குத் தெரிந்தது. படத்தின் அழகுக்கு இடைஞ்சல் என்று வெட்டி எறிந்ததோடு சரி. காட்டில் ஒரு இலை அசைந்தால் பார்க்கிற கண், தினமும் தானே பிடித்து ஓட்டிய ஸ்டியரிங்கைப் பார்க்கவில்லை. ஓட்டுநருடைய சாமான்தானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்கிற நினைப்பு.

"சரி," என்றார் கடைசியில். குரலில் பழைய மிடுக்கைத் தேடிப் பிடிக்கப் பார்த்தார். "ஏறினேன். மறந்துட்டேன். ஆனா ஆட்டைக் கட்டினது, வண்டியை ஓட்டினது எல்லாம் அவன்தான். நான் பின்னால நின்னு படம் மட்டும்தான் எடுத்தேன்."

மேடம் ரேடியோவைப் பார்த்தார். பதில் சொல்லும் உரிமை யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

"பின்னால நின்னு எடுத்தீங்க," என்றான் ரேடியோ. "அப்ப ஸ்டியரிங்குக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரு தலை தெரியணுமே. ஸ்டியரிங்ல ரெண்டு கை தெரியணுமே. எங்க வீட்டு மாப்பிள்ளை கொஞ்சம் ஒல்லிதான். அதுக்காகக் கண்ணாடில செஞ்ச ஆள் இல்லை."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. சீடர்களும் சிரித்தார்கள், அதுதான் வேடிக்கை. பச்சைத் தொப்பிக்காரர் ஒருவர், எனக்கு அப்பவே சந்தேகம் என்று பக்கத்துப் பச்சைத் தொப்பிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கைதட்டிய அதே கை, அதே வாய். மாஸ்டரைவிட அந்த ஆளின்மேல்தான் ரேடியோவுக்கு அதிக அருவருப்பு வந்தது.

வன அதிகாரி எழுந்து மடிக்கணினியை மூடித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மாஸ்டரைத் தன்னோடு வரச் சொன்னார். விடுதி முதலாளியையும் கூப்பிட்டு அனுப்பச் சொல்லிச் சிப்பந்தியை விரட்டினார். பிறகு தங்கையிடம் திரும்பி, மத்தியானம் கோர்ட்டுக்குப் போகிற ஆள் மாறிவிட்டார் என்றும், அவள் புருஷனை வந்து அழைத்துக்கொண்டு போகலாம் என்றும், தன் காலணியைப் பார்த்தபடியே சொன்னார். மன்னிப்பு என்கிற வார்த்தை அவர் அகராதியிலேயே இல்லைபோலும்.

வெளியே படியிறங்கும்போது ரேடியோவால் பொறுக்க முடியவில்லை. ஒட்டுப் படம் என்று ஏன் அப்படி அடம்பிடித்தீர்கள், கீழே ஸ்டியரிங் இருக்கும் என்று தெரிந்துதானா என்று கேட்டான்.

"கீழ என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. படம் உண்மைன்னு மட்டும் தெரியும்," என்றார் மேடம். "அந்தக் குரங்குங்க ஏன் பயப்படலை? சிறுத்தை தினமும் அதே நேரத்துக்கு வந்து, அதே ஆட்டுக்குப் பாயும், நம்ம பக்கம் வராதுன்னு அதுங்களுக்குப் பழகிப்போச்சு. தீனி போட்டான்னு நான் சொல்லியிருந்தா, படத்தைப் பூட்டி வெச்சிருப்பான். திறமை இல்லைன்னேன். தானே திறந்து காட்டினான்."

"அவ்வளவு பேர் முன்னாடி தப்பாப் போயிருந்தா?"

"இந்த மாதிரி ஆளுங்க விஷயத்துல தப்பாப் போகாது." மேடத்தின் முகம் மறுபடி பழைய நிலைக்கு வந்துவிட்டது. "போற வழியில ஆஸ்பத்திரி. அந்தம்மா கட்டிலுக்கு மேல அவன் அனுப்பின படம் தொங்குதாம். முதல்ல அதை இறக்கணும்."

தங்கை வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஊசிகளை எடுத்துக்கொண்டாள். இப்போதுதான் நிஜமாக அழுதாள். அழுதுகொண்டே பின்னினாள். உறையைச் சாட்சியாக வைத்துக்கொள்வார்களாம், திருப்பித் தர நாளாகுமாம், அதனால் அவருக்கு இன்னொன்று வேண்டும் என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அண்ணனின் வண்டி ஸ்டியரிங்கை ஒரு பார்வை பார்த்தாள்.

"நூல் மிச்சம் இருக்குண்ணா. உனக்கும் ஒண்ணு பின்னட்டுமா?"

ரேடியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருகினான்.

"பின்னும்மா," என்றான். "மஞ்சள் கோடு மட்டும் ரெண்டா வரணும்."